பட்டாளத்தைப் பங்கு போட்ட கதை

பொன்னமராவதி வட்டாரத்திலிருந்து மலேயாவுக்குக் கப்பலேறி, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர்கள் பலர். அந்தத் தோட்டங்களுக்குள் எந்தப் பட்டாளம், ஏன் வந்தது என்பதை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இந்தியாவை விட்டு வெளியேறிய பிரிட்டிஷ் சர்க்கார், கூர்க்கா பட்டாளத்தை முழுதாக விட்டுவிட்டுப் போகவில்லை. 1947 நவம்பரில் இந்தியா, பிரிட்டன், நேபாளம் மூன்றும் ஒப்பந்தம் செய்தன. இருந்த 10 ரெஜிமெண்டுகளில் 6 இந்தியாவுக்கு. 2, 6, 7, 10 ஆகிய நான்கும் பிரிட்டனுக்கு. 1948 ஜனவரி 1 முதல் பிரிவினை அமலாயிற்று. சிப்பாய்களிடம் விருப்பம் கேட்டபோது, பிரிட்டன் பக்கம் ஒதுக்கப்பட்டவர்களில் பலர் மறுத்தார்கள். அவர்களைக் கொண்டுதான் இந்திய ராணுவம் 11-வது கூர்க்கா ரெஜிமெண்டை அமைத்தது.

மற்றவர்களை வெள்ளையன் எங்கே அனுப்பினான்? லண்டனுக்கா? இல்லை, மலேயாவுக்கு! 1948 ஜூனில் அங்கே அவசரநிலை பிரகடனமாயிற்று. தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன. அகில மலேயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர், தஞ்சைச் சீமையில் பிறந்த தோழர் எஸ்.ஏ. கணபதி, 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

நேபாள மலையில் பிழைக்க வழியற்ற உழவன் மகன் துப்பாக்கி பிடித்தான். மழை பொய்த்த புதுக்கோட்டைச் சீமையின் உழவன் மகன் பால்வாளி தூக்கினான். இருவரையும் எதிரெதிரே நிறுத்தி லாபம் கண்டவன் ஒருவனே!

சிப்பாய்க்குக் கிடைத்தது என்ன? ஒப்பந்தப்படி அவன் சம்பளம் இந்திய ராணுவ விகிதத்தோடு கட்டப்பட்டது. வெள்ளைச் சிப்பாயின் பென்ஷனில் ஒரு சிறு பங்குதான் அவனுக்கு. தேவை குறைந்ததும், 1994ல் நான்கு ரெஜிமெண்டுகளும் ஒன்றாகச் சுருக்கப்பட்டன. ஓய்வு பெற்ற பழைய சிப்பாய்கள், பிரிட்டனில் குடியேறும் உரிமையைக்கூடப் போராடித்தான் 2009ல் பெற்றார்கள்.

மில்லில் பதிலியாக நிற்கும் தோழருக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. வேண்டும்போது ஆள், வேண்டாதபோது சீட்டுக் கிழிப்பு. நம் நாட்டில் 2022ல் வந்த அக்னிபாத் திட்டமும் இதே வழிதான். 4 ஆண்டு சேவை. அறிவித்தபடி, 100க்கு 25 பேர் வரை நிரந்தரம். மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. அவ்வாண்டே நேபாள அரசு தன் பிள்ளைகளை இத்திட்டத்தில் சேர்ப்பதை நிறுத்தி வைத்தது.

சீருடை போட்டாலும் உழைப்பாளி மகன் உழைப்பாளியே. நிரந்தர வேலை, முழுப் பென்ஷன் என்று நாம் மில் கேட்டில் முழங்குகிறோம். சிப்பாய் சங்கம் வைக்க முடியாது. கொடி பிடிக்க முடியாது. அவனுக்காகவும் சேர்த்து நாமே கேட்போம்!