ஒரே வாசலை நம்பிய தொழில்

2005 டிசெம்பர் 5ஆந் திகதி கலிபோர்ணியாவில் கிளார்க் ஃபோம் ஆலை முன்னறிவித்தலின்றி மூடப்பட்டது. அமெரிக்க அலைச்சறுக்குப் பலகைகளுக்கான நுரைக்கட்டைகளிற் பெரும்பகுதியை வழங்கியது அவ்வொரு நிறுவனமே. அச்சுக்களும் அழிக்கப்பட்டன. கையாற் பலகை செதுக்கி வாழ்ந்தோர் மூலப்பொருளின்றித் தவித்தனர்.

நச்சு இரசாயனத்தைக் கட்டுப்படுத்திய சட்டமே குற்றவாளி என்றனர் சிலர். நாம் மறுக்கிறோம். தொழிலாளியின் மூச்சைக் காக்கும் சட்டம் தொழிலுக்குப் பகையன்று. மூலப்பொருள் முழுவதையும் ஒரு முதலாளியின் கையில் விட்டதே கேடு!

இன்று தாய்லாந்திலும் சீனத்திலும் ஆலைகள் பெருந்தொகையாய் ஆக்கும் பலகைகள் அக்கைவினைஞரை நெருக்குகின்றன. தனித்தனியே விலை குறைத்து வெல்வாரோ? கூட்டாக மூலப்பொருள் வாங்கட்டும். பலகை பிறந்த இடத்தை வாங்குவோர் அறியச் செய்யட்டும்.

விதைக்கும் உரத்துக்கும் ஒரே கடை வாசலில் நிற்க நேரும் எம் விவசாயிகளே, இஃது அயலார் கதையென்று அசட்டை செய்யாதீர்!