வாங்காத வாங்கி

உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பவன் நான். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள், குருதியுறைதல் என்னும் பாடத்தை முடித்துக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த வேளையில், பின்வாங்கிலிருந்த மாணவியொருத்தி எழுந்து நின்றாள்.

“சேர், துரொம்பின் பைபிரின் நூலை உண்டாக்குது எண்டு சொன்னியள். அது சரி. ஆனால் சிறுதட்டுகள் எல்லாம் ஓடிவந்து ஒட்டுதே, அதுகளுக்கு ஆர் சொல்லுறது?”

“சோதினைக்கு அவ்வளவு வேண்டாம், பிள்ளை. இரும்” என்றேன்.

அவள் இருந்துவிட்டாள். அவ்வாண்டு முழுவதும் அவள் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை என்பது பின்னரே என் நினைவுக்கு வந்தது. சோதினைக்கு வேண்டாத அந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலே சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்கூடம் ஆண்டுக்கணக்காக உழைத்தது என்பதைப் படித்தறிந்தபோது எனக்கு உண்டான வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

எங்கள் பாடநூல்கள் தரும் சித்திரம் பொய்யானதன்று. 1964 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏர்ள் டேவி, ஒஸ்கார் ரட்னொவ் ஆகிய இருவரும், இங்கிலாந்தில் மக்பார்லேனும், குருதியுறைதல் என்பது ஒரு நொதியம் அடுத்ததை எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்ப, இவ்வாறு படிப்படியாகப் பெருகும் தொடர்வினை என்று ஏறத்தாழ ஒரே காலத்தில் எடுத்துக்காட்டினர். நீர்வீழ்ச்சி என்று டேவியும் ரட்னொவும் அதற்கு இட்ட பெயர் அழகானது. அவ்வீழ்ச்சியின் அடிவாரத்தில் நிற்பது துரொம்பின். அது கரைந்திருக்கும் பைபிரினோஜனை வெட்டிக் கரையாத பைபிரின் நூலாக்குகிறது. இவ்விடத்திலே பாடநூல் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறது. ஆசிரியரும் வைத்துவிடுகிறார்.

ஆனால் துரொம்பின் பட்டவுடனே குருதிச் சிறுதட்டுக்கள் உருமாறி ஒன்றோடொன்று திரண்டு கொள்கின்றன என்பதும் நெடுநாளாக அறியப்பட்ட உண்மையே. எவ்வாறு என்பதுதான் விளங்காதிருந்தது. அதிரனலீன் போன்ற ஓமோன் ஒன்று கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கியிலே சென்று அமர்கிறது. பூட்டிலே திறப்பு நுழைவது போல என்று மாணவர்க்குச் சொல்கிறோம். துரொம்பினோ ஒரு நொதியம். அதன் தொழில் வெட்டுவது. கத்தரிக்கோல் ஒன்று கலத்தோடு பேசுவது எங்ஙனம்?

ஷோன் கொக்லினும் அவருடைய சகாக்களும் இதற்கு விடை தேடப் பிடித்த வழி தவளையின் முட்டை. ஆபிரிக்கத் தவளையொன்றின் முட்டைக்குத் துரொம்பினின் மொழி விளங்காது. துரொம்பினுக்கு இணங்கும் மனிதக் கலங்களிலிருந்து எடுத்த தூது ஆர்.என்.ஏ.யை அம்முட்டைக்குள் செலுத்தினால், முட்டை அச்செய்தியின்படி புரதத்தைச் சமைக்கும். அதன்பின் துரொம்பினைச் சேர்த்தால் உள்ளே அடைபட்டிருந்த கல்சியம் விடுபடும். அவ்வாறு விடுபடச் செய்யும் செய்தி எதுவென்று பகுத்துப் பகுத்துச் சோதித்து, இறுதியில் ஒரேயொரு பரம்பரையலகைப் பிடித்தனர். 1991 இல் அம்முடிவு வெளியாயிற்று. 425 அமினோ அமிலங்களாலான புரதம் அது; கலமென்சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்பது. அதன் ஒரு முனை நீண்ட வால்போலக் கலத்துக்கு வெளியே கிடக்கிறது. அவ்வாலிலே 41 ஆம், 42 ஆம் அலகுகளுக்கு இடையிலே துரொம்பின் வெட்டுகிறது. வெட்டுண்டதும் புதிதாக வெளிப்படும் முனை வளைந்து, அதே வாங்கியின் உடலிலே தானே சென்று பொருந்துகிறது. அக்கணமே கலத்தின் உள்ளே செய்தி பரவுகிறது.

அதாவது, திறப்பு வெளியிலிருந்து வருவதன்று. பூட்டு தன் திறப்பைத் தன்னிடமே மறைத்து வைத்திருக்கிறது. துரொம்பின் அதன் உறையைக் கிழித்துவிடுகிறது, அவ்வளவே. இதை ஊகமாக விடாமல், அப்புதுமுனையைப் போன்ற சிறு புரதத்துண்டொன்றைத் தனியே ஆக்கிச் சேர்த்துப் பார்த்தார்கள். துரொம்பின் இல்லாமலே வாங்கி விழித்துக்கொண்டது.

இங்கே கலைச்சொல் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் ‘வாங்கி’ என்கிறோம். தமிழ்நாட்டார் ‘ஏற்பி’ என்பர். எது சிறந்ததென்று பண்டிதர்கள் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். இந்த வாங்கியின் முன்னே இரண்டும் தோற்றுவிடுகின்றன. இது எதையும் வாங்குவதுமில்லை, ஏற்பதுமில்லை. தன்னிடமிருந்து ஒரு துண்டை இழந்தே பேசுகிறது. ஆங்கிலச் சொல்லுக்கும் இதே கதிதான். சொல்லை மாற்றவேண்டும் என்று நான் கூறவரவில்லை. வரைவிலக்கணத்தை மனனம் செய்வித்து நிறுத்திவிடும் எங்கள் வழக்கம், ‘வாங்கி’ என்றால் ‘கொடுப்பவர்’ ஒருவர் இருந்தேயாகவேண்டும் என்று மாணவர் மனத்திலே ஒரு கதவை அடைத்துவிடுகிறது என்பதே என் முறைப்பாடு. என் மாணவி கேட்டதும் ‘ஆர் சொல்லுறது’ என்றுதானே! சொல்பவரும் கேட்பவரும் ஒரே மூலக்கூறிலே இருக்கலாம் என்று அன்று நான் சொல்லியிருந்தால் அவள் முகம் எப்படியிருந்திருக்கும்!

கதை இவ்வளவோடு முடிந்திருந்தால் அது இன்னொரு பாடநூற் கதையாகிவிடும். முடியவில்லை. 1996 இல் அதே ஆய்வுக்கூடத்தார் இவ்வாங்கி இல்லாத சுண்டெலிகளை உண்டாக்கினர். அவற்றின் சிறுதட்டுக்கள் துரொம்பினுக்குச் செவிடாகிவிடும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அவை வழக்கம்போலவே திரண்டன! கருவிலேயே ஏறத்தாழப் பாதிக் குட்டிகள் இறந்தும் போயின. தமது கண்டுபிடிப்பின் மதிப்பையே ஐயுறச் செய்யும் இந்த முடிவை அவர்கள் மூடிவைக்கவில்லை. இன்னொரு வாங்கி இருந்தாகவேண்டும் என்று தேடினர். 1997 இல் ஒன்று, 1998 இல் மற்றொன்று என அதே இனத்து வாங்கிகள் அகப்பட்டன. சுண்டெலியின் சிறுதட்டு ஒரு சோடியையும் மனிதனின் சிறுதட்டு வேறொரு சோடியையும் கையாளுகின்றன என்பது தெளிவாயிற்று. குட்டிகள் ஏன் இறந்தன என்பதற்கு 2001 இல் விடை வந்தது: குருதிக்குழாய்களின் உட்சுவர்க் கலங்களுக்கும் கருவிலே இவ்வாங்கி வேண்டியிருந்தது. முதற்கண்டுபிடிப்பைக் காட்டிலும் இந்தப் பிழைத்துப்போன எதிர்பார்ப்பையே நான் வகுப்பிலே விரிவாகச் சொல்வேன். எங்கள் பிள்ளைகள் செய்முறைக் கொப்பியிலே ‘எதிர்பார்த்த முடிவு பெறப்பட்டது’ என்று எழுதிப் பழகியவர்கள்.

மருந்தின் கதையும் சுகமானதன்று. இவ்வாங்கியைத் தடுக்கும் வொராபக்ஸர் என்னும் மருந்து, அவுஸ்திரேலிய மரமொன்றின் பட்டையிலுள்ள பொருளை மூலமாகக் கொண்டு ஆக்கப்பட்டது. மாரடைப்பைத் தடுக்கும் என்ற நம்பிக்கையோடு நடத்திய பெருஞ்சோதனையொன்று, மூளைக்குள் குருதிப்பெருக்கு உட்பட ஆபத்துக்கள் கூடியதால் 2011 இல் இடையிலே நிறுத்தப்பட்டது. 2014 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும், பக்கவாதம் கண்டவர்க்குக் கொடுக்கலாகாது என்னும் கட்டளையோடுதான். காயத்தை அடைப்பதும் இதயக்குழாயை அடைப்பதும் ஒரே திரளல் ஆகையால், ஒன்றைத் தடுக்கும் கை மற்றதையும் தொட்டுவிடுகிறது.

‘எங்கேயோ நடந்த ஆராய்ச்சி எங்கள் பிள்ளைகளுக்கு ஏன்?’ என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. பாம்பு கடித்தவரின் குருதியைக் கண்ணாடிக் குழாயிலே இருபது நிமிடம் அசையாது வைத்து, உறைகிறதா என்று சரித்துப் பார்ப்பது எங்கள் நாட்டு ஆசுப்பத்திரிகளில் அன்றாடம் நிகழ்வது. அவர்கள் வீட்டிலேயே முதியவர் ஒருவர் இதயநோய்க்காகக் குளோப்பிடோகிறெல் குளிசை எடுப்பவராக இருக்கக்கூடும்; அது அடைப்பதும் சிறுதட்டின் மேலுள்ள ஒரு வாங்கியைத்தான். மூன்று வேளையும் மேசையிலே கிடக்கும் குளிசையைப் பற்றி ஒரு பந்தி எழுதத் தெரியாத மாணவன், பன்னிரண்டு உறைதற் காரணிகளின் பெயர்களை உரோம இலக்கத்தோடு ஒப்பிப்பதில் எனக்குப் பெருமை இல்லை.

சென்ற தவணையில் இப்பாடத்தை மீண்டும் எடுத்தேன். பைபிரினோடு நிறுத்தாமல், வாலுள்ள அவ்வாங்கியைக் கரும்பலகையிலே வரைந்தேன். வெட்டியும் காட்டினேன். ஒரு பையன் எழுந்தான்.

“சேர், ஒருக்கா வெட்டினாப் பிறகு அதைத் திரும்ப மூடேலாதே?”

மூடேலாது என்றேன். துண்டித்த வால் மீண்டும் ஒட்டாது. ஒருமுறை பேசிய வாங்கியைக் கலம் உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். குருதிக்குழாயின் கலம் என்றால், உள்ளே சேமிப்பிலிருக்கும் புதியவற்றை மேற்பரப்புக்கு அனுப்பிக்கொள்ளும்.

“அப்ப சிறுதட்டு?”

அதற்குக் கருவே கிடையாது என்பதை நினைவூட்டினேன். அவன் சற்றுநேரம் யோசித்துவிட்டு, “அப்ப அதுக்கு ஒரு முறைதான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இருந்தான். மணி அடித்தது. கரும்பலகையை அன்று நான் துடைக்கவில்லை.