சுவரில் எழுதவேண்டிய கணக்கு

காலையில் குழாயில் நீர் வருகிறதா, இரவில் தெருமுனை விளக்கு எரிகிறதா, ஒரு மழை பெய்தால் சாக்கடை நீர் திண்ணை வரை ஏறாமல் வடிகிறதா என்கிற சில கேள்விகளுக்குள்ளேயே கிராமத்து மனிதனின் அரசாங்கம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அற்பம்போல் தோன்றும் இவ்விஷயங்களைக் கவனிப்பதற்கென்றே தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. தலைவர், வார்டு உறுப்பினர், செயலர், தொட்டியில் நீரேற்றித் திறந்துவிடுகிறவர், தூய்மைக் காவலர் என்று ஆட்களும் இருக்கிறார்கள். வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும், அவற்றினும் பெரிதாக மாநில, மத்திய நிதிக்குழுக்களின் மானியமும் பணமாக வந்து சேர்கின்றன. இத்தனையும் இருந்தும், வந்த பணம் எதற்குச் செலவாயிற்று என்று கேட்கிறவனை ஊருக்கு ஆகாதவன் என்றும், பதில் சொல்லவேண்டியவரைக் கையும் களவுமாக அகப்பட்டவர் என்றும் பாவிக்கிற ஒரு துர்ப்பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கணக்குக் கேட்பது நம் ஊர்களில் ஏன் கலகமாகிவிட்டது என்பது யோசிக்கத்தக்க விஷயம்.

குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நாட்களிலும், பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூடவேண்டும் என்பது நம் மாநிலத்து ஏற்பாடு. ஜனத்தொகை ஐந்நூறு வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், மூவாயிரம் வரை 100 பேரும், பத்தாயிரம் வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தாலொழியச் சபை செல்லாது என்று விதியும் உண்டு. இந்த எண்ணிக்கையை நிரப்புவதற்காகப் பல ஊர்களில் நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களை அழைத்துவந்து பள்ளிக்கூட வராந்தாவில் உட்காரவைத்து, கையெழுத்துப் பதிவேட்டை ஒரு சுற்று விட்டு, "குடிநீர்ப் பராமரிப்பு இவ்வளவு, தெருவிளக்குப் பராமரிப்பு இவ்வளவு" என்று மூச்சுவிடாமல் வாசித்து, மதிய வெயில் ஏறுமுன் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக எழுதி முடிப்பதை நாம் பார்க்கிறோம். வாசிக்கப்பட்ட தொகை பொய்யாக இருக்கவேண்டும் என்பதில்லை. கூட்டலும் பிசகாமல் இருக்கலாம். ஆனால் 'குடிநீர்ப் பராமரிப்பு' என்பதை எந்தத் தெருவில் போய்ப் பார்ப்பது? அதற்கு மாறாக, காலனி ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாருக்கு இன்ன தேதியில் காயில் கட்டியதற்கு இவ்வளவு, மேலத்தெருவில் மாற்றிய பல்புகள் இத்தனை என்று சொல்லிப் பாருங்கள், எழுத்தறியாத கிழவிகூட, "மேலத்தெருவில் ஏழு கம்பம்தானே இருக்கிறது, பத்து பல்பு எங்கே போட்டீர்கள்?" என்று கேட்டுவிடுவாள். தாளில் கூட்டல் சரியாக நிற்பது மட்டும் கணக்காகாது. ஊரார் நடந்துபோய்ப் பிரத்தியட்சமாகக் கண்டு ஒப்பிடக்கூடியதே கணக்கு என்பது என் அபிப்பிராயம்.

இது நமக்குப் புதிய தத்துவமன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் உத்திரமேரூரில் வெட்டப்பட்ட சாசனங்களைக் குடவோலை முறைக்காக எல்லோரும் புகழ்கிறோம். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பெயர்களையும் மேடையில் அடுக்குகிறோம். ஆனால் அச்சாசனங்களின் மிகக் கூர்மையான விதி வேறொன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர்கள் என்று அது விலக்குகிறது. கணக்கு எழுதுகிறவனோ, தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து ஒப்புவித்து, சுத்தன் என்று பெரியோர் ஏற்ற பிறகன்றி மீண்டும் அப்பணிக்கு வரலாகாது. வேறொருவனை விட்டு முடிக்கவும் கூடாது. அந்தச் சபை காணிநிலமும் வேதப் படிப்பும் உடைய பிராமணர்களின் சபை என்பதையும், உழைத்தவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை என்பதையும் மறைத்துப் பெருமை பேசுவது நேர்மையாகாது. எனினும், யோக்கியதையை நிர்ணயிக்கும் அளவுகோல்களுள் ஒன்றாகக் கணக்கு ஒப்புவித்தலை அவர்கள் வைத்தார்களே, அந்த ஒரு விஷயத்தில், எல்லோருக்கும் வாக்குரிமை கண்ட நாம் அவர்களைவிடப் பின்தங்கியிருக்கிறோம்.

விட்டுப்போன இந்த இழையை நம் காலத்தில் மீண்டும் எடுத்தவர்கள் ராஜஸ்தானத்து ஏழைகள். அருணா ராயும் அவருடைய தோழர்களும் அமைத்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் சிற்றூரில் பொது விசாரணை ஒன்றைக் கூட்டி, பஞ்சாயத்து வேலைகளின் வருகைப் பட்டியலையும் ரசீதுகளையும் ஊரார் முன் உரக்க வாசித்தது. வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், முடிவுறாத கட்டடம் முடிந்ததாகக் காட்டப்பட்டிருந்ததும் வெளிப்பட்டன. அவற்றைக் கண்டுபிடித்தவர்கள் தணிக்கை அதிகாரிகள் அல்லர், பெயர்களையும் சுவர்களையும் அறிந்த அவ்வூர் ஜனங்களே. 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் நடந்த தர்ணாவும் அதைத் தொடர்ந்த கிளர்ச்சியும் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழிகோலின. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் பொறுப்பாகவே ஆக்கிற்று. இத்தகைய தகவல் சட்டத்தை 1997-லேயே இந்தியாவில் முதன்முதலாக இயற்றிய மாநிலம் தமிழ்நாடு என்பதும், அதில் விலக்குகள் மலிந்திருந்தமையால் அது பெயரளவில் நின்றுவிட்டது என்பதும் நாம் சேர்த்து நினைவுகூரத்தக்கவை.

ஊராட்சித் தலைவர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. கையில் வரும் பணத்தில் பெரும்பகுதிக்கு மேலேயே முத்திரை குத்தப்பட்டுவிடுகிறது. பதினைந்தாவது நிதிக்குழுவின் மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. தலைவரும் துணைத்தலைவரும் கூடிக் கையெழுத்திட்டாலன்றிப் பணம் எடுக்க முடியாது. இருவருக்கும் பகை என்றால் மோட்டார் எரிந்துபோய்க் கிடந்தாலும் ஊர் தாகத்தோடு காத்திருக்கவேண்டியதுதான். பாதி இடங்கள் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டுள்ள இக்காலத்தில், கணவரோ மைத்துனரோ நீட்டிய தாளில் கையெழுத்திட்டுவிட்டு, பின்னால் விசாரணை என்று வந்தால் தனியாக நிற்கிற தலைவிகளும் உண்டு. ஆகவேதான் விவரமான கணக்கு, நேர்மையாக நடக்க விரும்புகிறவர்க்கே முதலில் பாதுகாப்பாகும் என்கிறேன். தாம் சொல்லாத கணக்கை ஊரார் கற்பனையில் எழுதிக்கொள்வார்கள் என்பதையும், அவ்வாறு எழுதப்படுகிற கணக்கில் தமக்குச் சாதகமான வரி ஒன்றும் இராது என்பதையும் அவர்கள் உணரவேண்டும்.

கேட்பதற்கு ஆள் இருந்தும் சொல்வதற்கு ஆள் இல்லாத காலங்களும் வருகின்றன. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின், பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பர் வரையிலும், ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரையிலும் தேர்தலே நடக்கவில்லை; தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லாத குறையால் மத்திய மானியமும் தடைப்பட்டது. மறுபடியும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. அநேக ஊர்களை ஒருங்கே பார்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் எவ்வளவு உத்தமராயினும், அவர் பதில் சொல்வது தம் மேலதிகாரிக்கே. தலைவர் தப்பாக நடந்தால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம். தேர்தலே இல்லையென்றால் எதைப் பார்த்துக்கொள்வது?

தேர்தலைக் காலத்தில் நடத்துவது அரசாங்கத்தின் கடமை. அதற்காக நாம் காத்திருக்கவேண்டியிருக்கலாம். ஆனால் கணக்கைத் தெருவாரியாகப் பிரித்து எழுதுவதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. அதைச் சபைக்கு ஒரு வாரம் முன்பே ஊர் காணும்படி வைக்கட்டும். சபை கூடியதும், போன தடவை போட்ட தீர்மானங்கள் என்னவாயின என்பதைச் சொல்லிவிட்டே புதிய தீர்மானத்துக்குப் போகட்டும். ஜனங்களும் கையெழுத்திட்டு எழுந்துபோகாமல், தத்தம் தெருவின் வரி வாசிக்கப்படும்வரையிலாவது உட்கார்ந்திருக்கட்டும். உத்திரமேரூரார் தம் விதியைக் கோயில் சுவரில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி வெட்டிவைத்தார்கள். நம் கணக்கோ ஊராட்சி அலுவலகத்து பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. கல்லில் வெட்டவேண்டிய சிரமம் நமக்கு வேண்டாம். நீர்த்தேக்கத் தொட்டியின் தூணில் சுண்ணாம்பு அடித்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அழித்து எழுதினால் போதும். குடத்தோடு வருகிற பெண்கள் வரிசையில் நிற்கும் நேரத்திலேயே அதைப் படித்து முடித்துவிடுவார்கள்.