ஆளுக்கேற்ற துப்பாக்கி

தஞ்சைத் தரணியில் துப்பாக்கி என்றதும் முதியவர்கள் பலருக்கு நினைவு வருவது உள்ளான் வேட்டைதான். ஐப்பசி மழையில் நாற்றுப் பச்சை ஏறிய வயல்களில் அச்சிறு பறவை வந்திறங்கும். துரைமார்களும் மிராசுதார்களும் இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடப்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் துப்பாக்கியின்மீது இளம் உள்ளத்துக்கு உள்ள கவர்ச்சி போய்விடவில்லை. தேசிய மாணவர் படை முகாமில் நாலு குண்டு சுட்டுப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளை, "அப்பா, எனக்கு ஒரு துப்பாக்கி வாங்கித் தாருங்கள்" என்று கேட்கிறது. ஒல்லியான பிள்ளை, பல வீடுகளில் அது பெண் பிள்ளையாகவும் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு என்ன விடை சொல்வது?

அதட்டி அடக்குவதும் சரியன்று. கேட்டதும் கடைக்கு ஓடுவதும் சரியன்று. இரண்டு முடிவுகளைப் பெற்றோர் முதலில் செய்துகொள்ள வேண்டும். எதைச் சுடுவது என்பது ஒன்று. எந்த அளவுத் துப்பாக்கியால் சுடுவது என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு நாட்டின் சட்டமே விடை கூறிவிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டை உரிமங்களுக்கு முடிவு கட்டிய 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின், பொழுதுபோக்குக்காகக் காட்டு விலங்கையோ பறவையையோ சுடுவதற்கு இந்நாட்டில் இடமில்லை. காற்றுத் துப்பாக்கிதானே, கொக்குதானே, மடையான்தானே என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சிறைக்கு வழிகாட்டும் எண்ணம். கோடியக்கரை 1967இல் சரணாலயமாயிற்று. வடுவூர் ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2022இல் வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. மேட்டூரில் திறந்த தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து நிரப்பும் ஏரியில் வந்து தங்கும் விருந்தாளிகள் அந்தப் பறவைகள். நத்தைகுத்தி நாரை வயலில் நத்தையைத் தின்கிறது. கொக்கு பூச்சியைத் தின்கிறது. கூலி கேட்காத அந்த வேலைக்காரர்களைச் சுடுவது விவசாயி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதாகும்.

இதில் நீதி ஒன்றும் அடங்கியிருக்கிறது. நாட்டுத் துப்பாக்கியை நம்பிப் பல தலைமுறைகளாக வயிறு வளர்த்த நரிக்குறவர் மக்கள், சட்டம் வந்ததும் அந்தத் தொழிலை விட நேர்ந்தது. மணி கோத்தும் ஊசி விற்றும் பிழைத்தவர்கள் 2023 ஜனவரியில்தான் பழங்குடியினர் பட்டியலில் இடம் பெற்றார்கள். பசிக்காகச் சுட்டவனைத் தடுத்துவிட்டு, வசதியுள்ள வீட்டுப் பிள்ளை விளையாட்டாகச் சுட்டால் கண்டும் காணாமல் இருப்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே குறி, பறவை அன்று, காகித அட்டை. இது வேட்டையைவிடத் தாழ்ந்த கலை என்று யாரும் எண்ண வேண்டாம். பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் பத்து மதிப்பெண்ணுக்குரிய புள்ளியின் குறுக்களவு வெறும் அரை மில்லிமீட்டர், கடுகைவிடச் சிறியது. உள்ளானைக் குறி பார்த்தவர்களுக்கும் கை நடுங்க வைக்கும் குறி அது. இந்தியாவுக்குத் தனிநபர் விளையாட்டில் முதல் ஒலிம்பிக் தங்கத்தை 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வென்றது இந்தப் போட்டியில்தான். காவிரிக் கழிமுகத்துக்கு வடக்கே கடலூரில் 1999இல் பிறந்து அகமதாபாதில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றதும் இதில்தான். தெற்கே, பக்கத்துப் புதுக்கோட்டையின் தொண்டைமான் குடும்பத்தில் பிறந்த பிருத்விராஜ், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரட்டைக் குழல் துப்பாக்கி ஏந்தி நின்றார். அவர் சுட்டது மண் தட்டு. அதே பாரிஸில் 1900ஆம் ஆண்டு உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடும் போட்டி நடந்தது. உலகம் புறாவை விட்டுத் தட்டுக்கு வந்தது. குறி பார்க்கும் திறமை அதனால் குன்றிவிடவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. ஒல்லியான, உயரம் குறைந்த பிள்ளைக்கு எந்தத் துப்பாக்கி?

இங்கேதான் நம் வீடுகளின் பழைய பழக்கம் குறுக்கே வருகிறது. "வளர்கிற பிள்ளை" என்று சொல்லித் தீபாவளிச் சட்டையை இரண்டு அளவு பெரிதாகத் தைப்பது வழக்கம். சட்டை பெரிதானால் கையை மடித்துவிடலாம். துப்பாக்கி பெரிதானால் மடிக்க வழியில்லை. பிள்ளைதான் வளைய வேண்டும். அடிக்கட்டை நீளமானால் விரல் விசைக்கு எட்டாது. எட்டுவதற்காகத் தோளை முன்னே தள்ளி, இடுப்பைப் பின்னே வளைத்து, கழுத்தை நீட்டிக் குறி பார்க்கும். பத்துக் குண்டுக்குள் முதுகு வலிக்கும், குறி அலையும். "இவளுக்கு இது வராது" என்று பக்கத்தில் நிற்பவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். பிழை பிள்ளையின்மீது அன்று, கட்டையின்மீது. மண்வெட்டிக்குப் பிடி போடும்போது ஆளின் உயரம் பார்க்கும் ஊருக்கு இது தெரியாத நியாயமா?

படை வீரனைத் துப்பாக்கிக்கு வளைக்கும் இராணுவமே இதை உணர்ந்திருந்தது. மேற்கு வங்காளத்து இசாப்பூர் தொழிற்சாலையிலும் உருவான லீ என்பீல்டு துப்பாக்கிக்கு நீளம், நடுத்தரம், குட்டை, மிகக் குட்டை என நான்கு அளவில் அடிக்கட்டைகள் இருந்தன. மிகக் குட்டையானதற்கு 'பாண்டம்' என்று குட்டைச் சேவலின் பெயர். 1914இல் பிரிட்டன் உயரம் குறைந்தவர்களைச் சேர்த்துத் திரட்டிய படைப் பிரிவுகளுக்கும் அதே பெயர்தான். போர்க்களத்தில் செல்லுபடியான அறிவு பள்ளிக்கூடத்துக்கும் செல்லும்.

அடுத்த தவறு, "சின்ன உடம்பு, ஆகையால் இலேசான துப்பாக்கி போதும்" என்பது. குண்டின் வேகம் ஒன்றாக இருக்கும்போது, துப்பாக்கி எவ்வளவு இலேசோ அவ்வளவு பலமாக உதைக்கும். தோளில் ஒருமுறை பலமாக உதை வாங்கிய பிள்ளை, அடுத்த முறை விசையை அழுத்துவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்ளும். அந்த அச்சம் ஒட்டிக்கொண்டால் நீக்குவது கடினம். இதனால்தான் உலகெங்கும் தொடக்கப் பயிற்சி உதையில்லாத ஆயுதத்தில் நடக்கிறது. அடைத்த காற்றால் இயங்கும் போட்டித் துப்பாக்கியில் உதை ஏறக்குறைய இல்லை. சுருள்வில்லால் இயங்கும் மலிவான காற்றுத் துப்பாக்கியோ ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடித்து வில்லை ஏற்ற வேண்டியது. சிறுகைக்கு அதுவே பெரும்பாடு. ஐந்தாம் குண்டிலேயே கை சோர்ந்து நடுங்கும்.

பார்க்க வேண்டியவை சிலவே. அடிக்கட்டையைத் தோளில் பதித்து நிமிர்ந்து நின்றால், கழுத்தைச் சாய்க்காமல் குறிமுள் கண்ணுக்கு நேரே வர வேண்டும். விரலின் முதற்கணு விசையில் இயல்பாகப் படிய வேண்டும். அடிக்கட்டையின் நீளமும் கன்னம் படியும் பலகையின் உயரமும் கூட்டிக் குறைக்கத் தக்கனவாக இருந்தால், பிள்ளை வளர வளர அதே துப்பாக்கி உடன் வளரும். போட்டி விதி ஐந்தரைக் கிலோ வரை எடையை அனுமதிக்கிறது. தொடங்குகிறவர் அந்த எல்லையைத் தொட வேண்டியதில்லை. முதற்சில மாதங்கள் குழலைத் தாங்கியில் வைத்துச் சுடுவது இழுக்கன்று. எலும்பு சுமக்க வேண்டிய பாரத்தைத் தசை சுமக்கக் கூடாது. இடக்கை முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றும் நிலையை ஆசிரியர் பழக்குவார்.

கண்ணையும் சோதிக்க வேண்டும். இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு, தூரத்துத் தென்னையின் குருத்தை இரு கண்ணாலும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது குருத்து இடைவெளியிலேயே நிற்கிறதோ, அதுவே ஆளும் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆள்வதும் உண்டு. இதை அறியாமல் வாங்கிய துப்பாக்கி ஆண்டுக்கணக்கில் தொல்லை தரும்.

திருவிழாக் கடைத்தெருவில் பலூன் சுட்ட பழக்கத்தால், காற்றுத் துப்பாக்கி விளையாட்டுச் சாமான் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அதன் ஈயக் குண்டு ஒரு கண்ணை நிரந்தரமாக அவித்துவிடப் போதும். குண்டு இல்லை என்று தெரிந்தாலும் இருப்பதாகவே கொள்ள வேண்டும். குழல் ஒருபோதும் மனிதர்பக்கம் திரும்பக் கூடாது. குறி வைக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இம்மூன்றும் பழகாத பிள்ளைக்கு எந்தத் துப்பாக்கியும் அளவானதன்று. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் காற்றுத் துப்பாக்கிக்கும் விசையளவில் எல்லை வகுத்துள்ளன. எல்லையைக் கடந்தால் உரிமம் தேவை. வெடிமருந்துத் துப்பாக்கிக்கு உரிமம் பெற 21 வயது நிறைய வேண்டும். அதற்குக் குறைந்தவர்கள் பெரியவர் கண்காணிப்பில் பயிற்சி மட்டுமே பெறலாம்.

ஆகையால் முதல் ஆண்டில் துப்பாக்கி வாங்காமலிருப்பதே நல்லது. பயிற்சிக் கழகத்துத் துப்பாக்கியில் பழகட்டும். ஆர்வம் நிலைத்தால் பிறகு வாங்கலாம். ஜெர்மனியில் செய்யும் வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற போட்டித் துப்பாக்கிகளின் விலை இலட்சத்தைத் தாண்டும். குறுவை காய்ந்தால் கடன் வாங்கும் குடும்பத்துக்கு அது எட்டாக்கனி. இங்கேதான் அரசுக்குக் கடமை இருக்கிறது. பத்து மீட்டர் நீளமும் பின்புறம் உறுதியான சுவரும் உள்ள கூடம் ஒன்று போதும். பெரிய மைதானம் வேண்டியதில்லை. கழிமுக மாவட்டங்களின் பயிற்சிக் கூடங்களில், கட்டையின் அளவை மாற்றத்தக்க துப்பாக்கிகளைச் சிறுவர் சிறுமியருக்கென்று தனியே வைக்க வேண்டும். பெரியவர்களுக்கு வாங்கியதைக் கொடுத்துவிட்டு, "சமாளித்துக்கொள்" என்று சொல்வது பயிற்சி ஆகாது. 2018 முதல் இந்தப் போட்டியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் குண்டுகள் சமம், அறுபது. குண்டைச் சமமாக்கிய உலகம் கட்டையையும் ஆளுக்கேற்ப அளந்து தர வேண்டாமா?

பம்பாயில் ஒரு சிறுவன், தன் மாமன் கொடுத்த காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டான். அதன் தொண்டையில் மஞ்சள் நிறத்தைக் கண்டு வியந்து, இது எந்த இனம் என்று கேட்டறிய இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனான். அங்கே செயலாளராயிருந்த மில்லார்டு, பாடம் செய்த பறவைகளின் அறையைத் திறந்து காட்டினார். அந்தச் சிறுவன்தான் 1896இல் பிறந்த சலீம் அலி. அவர் பணியாற்றிய அதே சங்கம் பின்னாளில் கோடியக்கரையில் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை ஆராய்ந்தது. துப்பாக்கியைக் கையில் எடுத்த பிள்ளைக்கு எந்தக் கதவைத் திறந்துவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அளவான கட்டை, காகிதக் குறி, கண்டிப்பான ஆசிரியர் என்ற இம்மூன்றையும் தந்தால், உடல் சிறுத்த பிள்ளையும் நிமிர்ந்து நிற்கும்; ஏரியில் நாரையும் அஞ்சாமல் நிற்கும்.