நகரின் உயிர்வழி

உயர்தர வகுப்பிலே கிரேக்க சரித்திரம் பயிற்றுங்கால், மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ஏதென்ஸ் நகரம் கடற்கரையில் இல்லையே! அவ்வாறிருக்க அது கடலை ஆண்டது எங்ஙனம்?" என்று வினவினான்.

நல்ல வினா. அதற்கு விடை, அந்நகரிலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்குச் செல்லும் வழியிலே கிடக்கின்றது. தூரம் ஏறக்குறைய 10 கிலோமீற்றர். 1869ஆம் ஆண்டில் அவ்வழியே நீராவி இரயில் ஓடத் தொடங்கியது. 1904இல் அது மின்சார இரயிலாயிற்று. இன்று நகர மத்தியிலுள்ள மொனாஸ்திராகி நிலையத்தில் ஏறுவோர் சுமார் 20 நிமிடத்திற் கப்பல்களைக் காண்பர். 2022இல் வேறொரு பாதையும் துறைமுகம்வரை நீண்டமையால், விமான நிலையத்திலிருந்தும் நேரே வரலாம். ஆயினும் துறைமுகம் மிகப் பெரிது. ரோட்ஸ் தீவுக்குச் செல்லும் கப்பல்கள் நிலையத்துக்குத் தொலைவான வாயிலிலே நிற்கும். ஆதலின், பயணச்சீட்டில் வாயில் எண்ணைப் பார்த்து, நேரத்தோடு செல்வதே அறிவுடைமை.

பண்டைக் காலத்தில் இவ்வழியின் இருமருங்கும் நெடுமதில்கள் நின்றன. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் மக்கள் அவற்றை எழுப்பினர். ஸ்பார்ட்டா வீரர் வயல்களை அழித்தபோதும், கருங்கடற் பிரதேசத்துத் தானியம் கப்பலில் வந்து, மதில்களின் நடுவே பாதுகாப்பாக நகரை அடைந்தது.

ஆனால், உணவு வந்த வழியே நோயும் வந்தது. கி.மு. 430இல் கொள்ளைநோய் முதலிற் பிரேயஸில் தோன்றிப் பின்னர் நகரெங்கும் பரவியது. மறு ஆண்டு தலைவர் பெரிக்கிளிஸும் மாண்டார். கி.மு. 405இற் கடற்படை அழிந்தது, கடல்வழி அடைபட்டது. பட்டினி தாங்காத நகரம் கி.மு. 404இற் பணிந்தது. நெடுமதில்களை இடித்தல் வேண்டும் என்பது ஸ்பார்ட்டா விதித்த நிபந்தனைகளுள் ஒன்று.

இவற்றைக் கூறியபின் அம்மாணவனை நோக்கி, "நோயைக் கொணர்ந்த துறைமுகத்தை அவர்கள் அன்றே மூடியிருக்கலாகாதா?" என்று கேட்டேன்.

சற்றே சிந்தித்த அவன், "மூடியிருந்தால் பட்டினி முன்னரே வந்திருக்கும், ஐயா. கி.மு. 404வரை காத்திராது" என்றான்.

அவன் முதலிற் கேட்ட வினாவுக்கும் அதுவே விடையாயிற்று.