குட்டி கடிச்சா சிரிக்காதீங்க, அடிக்கவும் அடிக்காதீங்க

மூணு மாசம் முன்னாடி தோட்டத்துக் காவலுக்குன்னு ஒரு நாட்டுநாய்க் குட்டி கொண்டாந்தோம். கண்ணு தொறந்து ரெண்டு வாரம்கூட ஆகலை. தாய்கிட்ட இருந்து அவ்வளவு சீக்கிரம் பிரிச்சது என் தப்புங்க.

வந்ததுல இருந்து வேட்டி, செருப்பு, சொட்டுநீர்க் குழாய், கைவிரல்னு எல்லாத்துலயும் பல்லு வெச்சுது. பாக்க வந்தவங்க, "நல்லா கடிக்குதே, காவலுக்கு ஆகும்"னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஒரு நாள் விளையாட்டுல பேத்தி கையில பல்லு பட்டு ரத்தம் வந்திருச்சு. கோவத்துல விளக்குமாத்தால ஒரு போடு போட்டேன். அதுக்கப்புறம் நான் கையை நீட்டினாலே உறுமுச்சு.

"சின்னக் குட்டிதானே, ஒண்ணும் ஆகாது, மஞ்சள் வெச்சு விடுங்க"ன்னாங்க. கேக்கலை. சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஊசி போட்டோம். குட்டிக்கும் வெறிநோய் வரும். வந்துட்டா பிழைக்க வைக்க மருந்து இல்லை.

கடிநாய் பொறக்கறதில்லை, நாமதான் வளர்க்கிறோம்கிறது என் கருத்து. ஒரே ஈத்துக் குட்டிக ஒண்ணையொண்ணு கடிச்சு விளையாடுறதைப் பாத்திருப்பீங்க. ஒண்ணு அழுத்திக் கடிச்சா மத்தது 'கீச்'னு கத்திட்டு விலகிப் போயிடும். விளையாட்டு நின்னுபோகும். எவ்வளவு கடிக்கலாம்னு அதுக அப்படித்தான் கத்துக்குது. எட்டு வாரமாவது தாயோட விடணும்கிறது அதுக்குத்தான்.

நான் அதையேதான் செஞ்சேன். பல்லு பட்டா 'ஆ'ன்னு ஒரு சத்தம். கையை வெடுக்குன்னு இழுக்கக் கூடாது, இழுத்தா அது விளையாட்டுன்னு நெனைச்சு இன்னும் பாயும். அப்படியே கையை அசைக்காம வெச்சு, எந்திரிச்சுத் திரும்பி நின்னுக்கணும். அரை நிமிஷம் கழிச்சு மறுபடி விளையாடலாம். கடிக்க முடிச்சுப் போட்ட பழைய கயிறு கொடுத்தேன். தூக்கம் வந்தா ரொம்பக் கடிக்கும், அப்பப் படுக்க விட்டுடணும்.

குட்டியைவிட வீட்டு ஆளுகளைப் பழக்கறதுதான் கஷ்டம். நான் ஒரு பக்கம் நிறுத்த, பையன் துண்டைக் காட்டி இழுத்து விளையாடுவான். எல்லாரும் ஒரே மாதிரி இருக்க ஆரம்பிச்சு மூணு வாரத்துல குறைஞ்சிருச்சு.

இப்ப தடுப்பூசியும் போட்டாச்சு. ராத்திரி ஆள் சத்தம் கேட்டா நல்லாக் குரைக்குது. கடிக்கப் பழகினாத்தான் காவல் காக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.