செவிக்குணவு: ‘சௌக்கியமா?’ என்றொரு கேசட்

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்து வடக்கே குடித்தனம் நடத்தும் நமக்குக் கடிதத்தின் முதல் வரி இன்னதென்று எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. இவ்விடம் சௌக்கியம், அவ்விடம் சௌக்கியமா என்று தொடங்கியே நம் பெரியோர் அஞ்சலட்டைகளை நிரப்பினர். அக்கேள்வியையே தம் பாட்டுத் தொகுப்புக்குப் பெயராகச் சூட்டிய அமெரிக்கர் ஒருவரை இத்திங்கள் அன்பர்களுக்கு அறிமுகம் செய்கிறோம். அவர் டேனியல் ஜான்ஸ்டன். 1983இல் அவர் தாமே பதிவு செய்த கேசட்டின் பெயர் ‘ஹாய், ஹௌ ஆர் யூ’. முற்றுப்பெறாத தொகுப்பு என்று அதற்கு ஒரு துணைப்பெயரும் உண்டு. அட்டையில் அவர் கையாலேயே வரைந்த தவளை. அதன் கண்களோ கொம்பின் நுனியில் நிற்கின்றன!

1961இல் பிறந்த இவர் மேற்கு வர்ஜீனியாவில் வளர்ந்தவர். பீட்டில்ஸ் குழுவினரின் பாடல்களில் தீராப் பித்து. பெற்றோர் இல்லத்தின் நிலவறையில் ஒரு பியானோ இருந்தது. கையில் 59 டாலர் விலையுள்ள சான்யோ டேப் ரிக்கார்டர் ஒன்று. இவ்வளவே அவருடைய ஒலிப்பதிவு நிலையம். பெரிய நிலையங்களில் வாத்தியத்தைத் தனியாகவும் குரலைத் தனியாகவும் பதிந்து பின்னர் இணைப்பர். பிழைபட்ட இடத்தை மட்டும் திருத்துவர். இக்கருவியில் அதற்கு வழியில்லை. பிழை நேர்ந்தால் முதலிலிருந்து பாட வேண்டும். அன்றேல் பிழையோடு விட்டுவிட வேண்டும். அவர் பெரும்பாலும் விட்டுவிட்டார்.

நம்மை வியக்க வைத்த செய்தி வேறொன்று. கேசட்டைப் படியெடுக்கும் வசதி தொடக்கத்தில் அவரிடம் இல்லை. யாரேனும் ஒரு படி கேட்டால், மீண்டும் வாத்தியத்தின் முன் அமர்ந்து அத்தனை பாட்டுகளையும் புதிதாகப் பாடிப் பதிந்து கொடுப்பாராம்! அங்ஙனமாயின் அவை ஒரே நூலின் பிரதிகள் அல்ல. ஆளுக்கொன்றாக எழுதிய கடிதங்கள். பின்னர் டெக்ஸஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் மக்டொனால்ட்ஸ் உணவகமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே, கண்டவர் கையிலெல்லாம் கேசட்டைத் திணித்தார். 1985இல் எம்டிவி தொலைக்காட்சி அந்நகரப் பாடகர்களைப் படம் பிடிக்க வந்தபோது இவரும் அதில் தோன்றினார்.

பாட்டு எப்படி? உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். குரல் மெலிந்தது, நடுங்குவது, சுருதி அடிக்கடி விலகும். நாடாவின் இரைச்சல் இடையறாது கேட்கும். துணைக்கு ஒலிப்பது பொம்மை போன்ற கார்ட் ஆர்கன். நம் ஆர்மோனியத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம். சில உருப்படிகள் நம்மாலும் முழுதும் கேட்க முடியாதவை. பகலெல்லாம் ரயில் நிலைய ஒலிபெருக்கியைக் கேட்டுப் பழகிய செவியே இவ்வாறு சொல்கிறதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயினும் ‘வாக்கிங் தி கவ்’ என்ற பாட்டு வந்ததும் கை வேலையை நிறுத்திவிடுகிறது. ஐஸ்கிரீம் உறையொன்றில் சிறுமி பசுவை நடத்திச் செல்லும் படத்தைக் கண்டு பிறந்த பாட்டு அது. அற்பமான வித்து, அதிலிருந்து, இருக்கும் இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று திகைக்கும் மனிதனின் ஏக்கம் முளைத்து நிற்கிறது. வெளியூர்வாசிகளான நமக்கு அதற்கு உரை தேவையில்லை.

1992இல் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் அத்தவளைப் படம் பொறித்த பனியனை அணிந்து வெளிப்பட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1994இல் அட்லாண்டிக் என்னும் பெரிய நிறுவனம் இவரது தொகுப்பொன்றை நேர்த்தியாக வெளியிட்டது, அது விலைபோகவில்லை. நிறுவனம் அவரைக் கைவிட்டது. ஆஸ்டின் நகரச் சுவரொன்றில் 1993இல் அவர் வரைந்த தவளை மட்டும் நிலைத்தது.

மனநோய் அவரை வாழ்நாளெல்லாம் வாட்டியது; மருத்துவமனை வாசமும் பலமுறை நேர்ந்தது. நோயே அவருக்குக் கலையைத் தந்தது என்பாரும் உளர். நாம் அதை ஒப்புவதற்கில்லை. நோய் அவரிடமிருந்து பறித்த ஆண்டுகளே மிகுதி. 2019 செப்டம்பரில், 58ஆம் வயதில் அவர் காலமானார். அவர் பிறந்த நாளான ஜனவரி 22இல், அக்கம்பக்கத்தாரை நலமா என்று மெய்யாகவே விசாரிக்கும் வழக்கத்தை அவர் பெயரால் 2018இல் ஆஸ்டினில் தொடங்கினர்.

இதையெல்லாம் இப்பகுதியில் எழுதக் காரணம் உண்டு. நம் குடியிருப்புச் சிறுவன் ஒருவன், பாதி தமிழும் பாதி இந்தியுமாகத் தானே பாட்டுக் கட்டிக் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறான். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மேல்படுக்கை கிடைத்த தாத்தாவைப் பற்றி ஒன்று; மழையில் நனைந்த முறுக்கைப் பற்றி ஒன்று. ‘ழ’கரம் அவன் நாவில் வழுக்கத்தான் செய்கிறது. விழா மேடையில் பாட விரும்பியவனிடம், சினிமாப் பாட்டு ஏதேனும் தெரியுமா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். தவறின்றிப் பிறர் பாட்டைப் பாடும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய உண்டு. சொந்தமாக ஒன்றைக் கட்டும் பிள்ளை இவன் ஒருவனே நம் கண்ணில் பட்டான்.

வரும் பொங்கல் விழாவில், சொந்தப் பாட்டுக்கென்று பத்து நிமிடம் ஒதுக்கும்படி விழாக் குழுவினருக்கு எழுதியிருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை. பெற்றோர்கள் தங்கள் வீட்டுக் கைப்பேசிகளில் இத்தகைய பாட்டேதும் ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்து நமக்குத் தெரிவிப்பார்களாக.